இரண்டு வைரஸ், ஒரே நாலு எழுத்து

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய தோழிக்கு இது நான்காவது மாதம். கர்ப்ப காலத்தில் வழக்கமாகச் செய்யும் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் பி-யும் சேர்ந்தே இருப்பது தெரிய வந்திருக்கிறது. மருத்துவர் தினம் ஒரே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். “இரண்டு நோய்க்கு ஒரு மாத்திரை எப்படிப் போதும்? ஒன்றை மறந்துவிட்டார்களோ?” என்று தோழி ராத்திரி தூங்காமல் கிடக்கிறாராம்.

மறக்கவில்லை. அந்த ஒரு மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் தோழிக்குக் கொஞ்சம் நிம்மதி வரும் என்று நம்புகிறேன்.

அடிப்படை விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். இரண்டு வைரஸும் ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தை என்று ஒரே வழிகளில் பரவுகின்றன. அதனால் ஒரே உடலில் இரண்டும் சந்தித்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. உலகம் முழுக்க சுமார் 27 லட்சம் பேருக்கு இரண்டும் சேர்ந்து இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சேர்ந்து இருக்கும்போது நிலைமை மோசமாகிறது. எச்.ஐ.வி. நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கக் குறைக்க, கல்லீரலில் இருக்கும் பி வைரஸ் தடையின்றிப் பெருகும். தாயின் ரத்தத்தில் பி வைரஸ் எவ்வளவு அதிகமோ, பிரசவத்தின்போது அது குழந்தைக்குப் போகும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். வைரஸ் மிக அதிகமாக உள்ள தாய்மார்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கொடுக்காமல் விட்டால், பத்துக் குழந்தைகளில் ஏழு முதல் ஒன்பது குழந்தைகளுக்குத் தொற்று வந்துவிடலாம். பெரியவர்களில் பெரும்பாலோர் இந்த வைரஸைத் தாங்களே விரட்டிவிடுவார்கள். பிறக்கும்போது தொற்றிக்கொண்டாலோ நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடும்.

சரி, இப்போது மாத்திரைக்கு வருவோம்.

எச்.ஐ.வி. ஓர் ஆர்.என்.ஏ. வைரஸ், அதாவது அதன் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கும். பி வைரஸ் துகளைத் திறந்தால் உள்ளே இருப்பது டி.என்.ஏ. ஒன்று வாழ்வது நோய் எதிர்ப்பு அணுக்களில், மற்றது கல்லீரலில். உறவே இல்லாத இரண்டு போலத்தான் தெரியும். ஆனால் இரண்டிடமும் ஒரு விசித்திரமான நொதி (என்சைம்) இருக்கிறது. செல்லில் வழக்கமாக டி.என்.ஏ.வைப் பார்த்துத்தான் ஆர்.என்.ஏ. எழுதப்படும். இந்த நொதியோ ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதுகிறது. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று பெயர். 1970-ல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தபோது உயிரியலாளர்கள் அசந்துபோனார்கள்.

எச்.ஐ.வி. இந்த நொதியைச் செல்லுக்குள் நுழைந்த கையோடு பயன்படுத்தும். தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி நம் குரோமோசோமுக்குள் செருகிவிடும். பி வைரஸ் அதைக் கிளம்பும்போது பயன்படுத்துகிறது. உட்கருவுக்குள் உட்கார்ந்திருக்கும் அதன் வட்ட டி.என்.ஏ. முதலில் நீண்ட ஆர்.என்.ஏ. பிரதி ஒன்றைத் தருகிறது. அந்தப் பிரதி ஒரு புரதக் கூட்டுக்குள் அடைபடுகிறது. கூட்டுக்குள்ளேயே நொதி அதை டி.என்.ஏ.வாக மாற்றுகிறது. அப்புறம்தான் வைரஸ் வெளியே போகும். ஒரு டி.என்.ஏ. வைரஸ் எதற்காக ஆர்.என்.ஏ. வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். 1982-ல் இந்தச் சுற்றுவழியைக் கண்டறிந்தவர்கள் ஜெஸ்ஸி சம்மர்ஸும் வில்லியம் மேசனும். அவர்கள் அதைப் பார்த்தது வாத்துகளைத் தாக்கும் ஒரு ஹெபடைட்டிஸ் வைரஸில்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. இந்த நொதியில் வேலை நடக்கும் மையத்தில் நான்கு அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் கட்டுக்கற்கள், வரிசையாக நிற்கின்றன: டைரோசின், மெத்தியோனின், அடுத்தடுத்து இரண்டு ஆஸ்பார்டிக் அமிலங்கள். சுருக்கி எழுதினால் Y, M, D, D என்று நாலு எழுத்து. எச்.ஐ.வி.யிலும் அதே நான்கு, பி வைரஸிலும் அதே நான்கு, அதே வரிசையில். முதன்முதலில் இதைப் படித்தபோது, இரண்டு வைரஸ்களின் வரிசைகளையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிர் இந்த மையத்தைத்தான் ஏமாற்றுகிறது. டி.என்.ஏ.வை ஒரு ரயிலாக நினைத்துக்கொள்ளுங்கள். நொதி பெட்டி பெட்டியாக மாட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரு கொக்கி, அது பாஸ்பேட். பின்னால் ஒரு கொக்கி, அது பெட்டியின் சர்க்கரை வளையத்தில் இருக்கும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி. டெனோஃபோவிர் பார்ப்பதற்கு, டி.என்.ஏ.வின் நான்கு வகைப் பெட்டிகளில் ஒன்றான அடினின் பெட்டி மாதிரியே இருக்கும். முன்கொக்கி உண்டு, ஆகவே நொதி அதை எடுத்து மாட்டிவிடும். பின்கொக்கி கிடையாது. அடுத்த பெட்டியை மாட்ட வழியில்லாமல் ரயில் அங்கேயே நின்றுவிடும். தவறாக மாட்டிய பெட்டியை நம் செல்லின் டி.என்.ஏ. நொதிகள் பெரும்பாலும் கழற்றித் திருத்திவிடும். வைரஸ் நொதிக்கு அப்படிச் சரிபார்க்கும் பழக்கமே இல்லை.

அதே மாத்திரையில் லாமிவுடின் என்ற இன்னொரு போலிப் பெட்டியும் உண்டு. அதைத் தனியாகக் கொடுத்தால் வைரஸ் தப்பித்துவிடும். தப்பிக்கும் விதத்தைப் பாருங்கள்: அந்த நான்கில் உள்ள மெத்தியோனினை எடுத்துவிட்டு வேலினைப் போட்டுக்கொள்கிறது. வேலினின் கிளை லாமிவுடினின் வளையத்தில் இடிக்கும், அதனால் மருந்து உள்ளே உட்கார முடியாது. எச்.ஐ.வி.யும் பி வைரஸும் தனித்தனியாக இதே ஒரு மாற்றத்தைத்தான் கண்டுபிடித்துக்கொள்கின்றன! டெனோஃபோவிரிலோ வளையமே கிடையாது. அந்த இடத்தில் வளைந்து கொடுக்கும் ஒரு சின்னச் சங்கிலிதான் இருக்கிறது. இடிப்பதற்கு ஒன்றுமில்லை.

டெனோஃபோவிரை உருவாக்கியவர்கள் செக் நாட்டின் பிராகாவைச் சேர்ந்த வேதியியலாளர் அன்டோனின் ஹோலியும் பெல்ஜியத்தின் லூவெனைச் சேர்ந்த எரிக் டி கிளெர்க்கும். எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது 1983-ல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, எந்த நோய்க்குப் பயன்படும் என்று தெரியாமலேயே, இருவரும் இந்த வகை மூலக்கூறுகளில் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். டெனோஃபோவிருக்கு எச்.ஐ.வி.க்காக அனுமதி கிடைத்தது 2001-ல், ஹெபடைட்டிஸ் பி-க்கு 2008-ல். லாமிவுடினும் முதலில் எச்.ஐ.வி.க்கு, பிறகு ஹெபடைட்டிஸ் பி-க்கு என்று இதே வரிசையில்தான் வந்தது. எச்.ஐ.வி.க்காகச் செலவழித்த பணத்தில்தான் ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளுக்கும் இந்த மருந்துகள் கிடைத்தன. 25 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் இருக்கும் ஒரு வைரஸ், தனக்கென்று போதிய ஆராய்ச்சிப் பணம் இல்லாமல் பக்கத்து வீட்டு அடுப்பில் சமைத்துக்கொண்டிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. “இதனால் உடனடிப் பயன் என்ன?” என்று கேட்டு அடிப்படை வேதியியலுக்கு நிதியை வெட்டுகிறவர்கள் ஹோலியின் கதையை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

ஆக, தோழியின் மாத்திரை இன்று பரவலாகத் தரப்படும் கூட்டு மாத்திரையாக இருந்தால், அதில் மூன்று மருந்துகள் இருக்கும்: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். மூன்றுமே எச்.ஐ.வி.யை எதிர்க்கும். முதல் இரண்டு பி வைரஸையும் எதிர்க்கும். டோலுடெக்ராவிர் தடுப்பது குரோமோசோமுக்குள் செருகும் வேலையை. பி வைரஸுக்கு அந்த வேலை தேவையில்லை, அதனால் அதன்மேல் இதற்குப் பிடி இல்லை.

இதிலிருந்து வரும் ஒரு விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எந்த வைரஸுக்காகத் தன்னைக் கொடுத்தார்கள் என்று மருந்துக்குத் தெரியாது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யாமல் ஹெபடைட்டிஸ் பி-க்கு மட்டும் என்று டெனோஃபோவிரைத் தனியாகக் கொடுத்தால், மறைந்திருக்கும் எச்.ஐ.வி. அந்த மருந்துக்கு எதிர்ப்பைப் பழகிக்கொள்ளலாம். பி வைரஸ் இருப்பது தெரியாமல் எச்.ஐ.வி. மருந்தை மாற்றி, டெனோஃபோவிர் இல்லாத கூட்டு ஒன்றைக் கொடுத்தாலும் ஆபத்துதான். உட்கருவில் இருக்கும் வட்ட டி.என்.ஏ.வை எந்த மாத்திரையும் தொடுவதில்லை. தடை விலகியதும் அது மறுபடி எழுத ஆரம்பிக்கும். தேறி வந்த நோய் எதிர்ப்பு சக்தி அதைப் பார்த்துவிட்டுக் கல்லீரல் செல்களையே தாக்கும். ஒரு காலத்தில், உடல்நிலை நன்றாக இருக்கும் தாய்மார்கள் பிரசவத்துக்கும் தாய்ப்பால் காலத்துக்கும் பிறகு எச்.ஐ.வி. மருந்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று வழிமுறைகள் அனுமதித்தன. பி-யும் சேர்ந்து இருந்தவர்களுக்கு அது சில சமயம் கடுமையான கல்லீரல் அழற்சியில் போய் முடிந்தது. 2015 முதல் எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும் வாழ்நாள் சிகிச்சை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தோழி குழந்தை பிறந்த பிறகும் மாத்திரையை விடக் கூடாது.

ஹெபடைட்டிஸ் சி பற்றியும் வாசகி கேட்டிருந்தார். அது கடைசி வரை ஆர்.என்.ஏ.வாகவே வாழும் வைரஸ். இந்த நொதி அதனிடம் இல்லை, ஆகவே இந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. தாய்க்கு சி மட்டும் இருந்தால் நூற்றில் ஆறு குழந்தைகளுக்குப் போகலாம். எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் சுமார் பதினொன்று. குணப்படுத்தும் மாத்திரைகள் இருக்கின்றன. கர்ப்பத்துக்கு முன்போ பின்போ கொடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம்.

குழந்தைக்கு வருவோம். தாய் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தால், பிரசவ நேரத்தில் இரண்டு வைரஸ்களும் ரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும். பிறந்த குழந்தைக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில வாரங்களுக்குச் சொட்டு மருந்தாகக் கொடுப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் முதல் ஊசி போட வேண்டும். கிடைக்கும் இடங்களில் இம்யூனோகுளோபுலினையும், அதாவது வைரஸைப் பிடித்துத் தடுக்கும் ஆயத்த ஆன்டிபாடிகளையும், ஊசியாகப் போடுவார்கள். தடுப்பூசிக்குள் இருப்பது முழு வைரஸ் இல்லை, ஈஸ்ட் செல்களில் தயாரித்த அதன் மேலுறைப் புரதம் மட்டும்தான். தொற்று பெரும்பாலும் பிரசவத்தின்போதுதான் நடக்கிறது என்பதால் இந்த ஊசிக்கு நேரம் கிடைக்கிறது. அடுத்த தவணைகளையும் தவறவிடக் கூடாது.

கடைசியாக, குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்த பிறகு ஹெபடைட்டிஸ் பி-க்காக அதன் ரத்தத்தை ஒரு முறை பார்ப்பார்கள். ஏன் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்? இம்யூனோகுளோபுலின் ஊசி வழியாக வந்த ஆன்டிபாடிகள் அதற்குள் கரைந்து போயிருக்கும். அப்போது ரத்தத்தில் தெரிவது குழந்தை தானே உண்டாக்கிக்கொண்ட ஆன்டிபாடி.