டாஸ் திரையில் ஓடிப்போன வரி

1980-களில் ஐபிஎம் பிசி வகைக் கணினிகளை இயக்கிய அடிப்படை மென்பொருள் டாஸ். அதில் ஒரு கோப்பைப் படிக்க முதலில் கைக்கு வருவது 'டைப்' கமாண்ட். டைப், கோப்பின் பெயர், எண்டர். எழுத்துகள் கீழிருந்து ஏறத் தொடங்கும். திரையில் மொத்தம் 25 வரிதான். 26-ஆவது வரி வந்தால் முதல் வரி மேலே போய் மறைந்துவிடும், திரும்ப வராது. கண்ட்ரோல்-எஸ் தட்டி நிறுத்தலாம். ஆனால் விரல் விசையைத் தொடுவதற்குள் வேண்டிய பத்தி கையைவிட்டுப் போயிருக்கும்.

1983-இல் வந்த டாஸ் 2.0 'மோர்' என்ற சிறு புரோகிராமைக் கொடுத்தது. திரை நிரம்பியதும் அது நின்று, ஒரு விசைக்காகக் காத்திருக்கும். அதுவும் முன்னோக்கி மட்டுமே போகும். இதில் பலருக்கும் தெரியாத பொறி ஒன்று உண்டு. டைப்பின் வெளியீட்டை பைப் குறி (|) போட்டு மோருக்கு அனுப்பினால், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. டாஸால் அது முடியாது. டைப் முழுவதும் ஓடி முடிந்து, வெளியீடு ஒரு தற்காலிகக் கோப்பாக டிஸ்கில் எழுதப்பட்டு, அதன் பிறகுதான் மோர் தொடங்கும். எழுத்துத் தடை ஸ்டிக்கர் ஒட்டிய ஃபிளாப்பியில் இதைச் செய்தால் பிழைச் செய்திதான் மிஞ்சும். பைப்புக்குப் பதில் 'சிறியது' குறியைப் (<) போட்டு, கோப்பை நேராக மோருக்கு ஊட்டினால் தற்காலிகக் கோப்பே தேவையில்லை.

இந்த இடைவெளியை நிரப்பியவை ஷேர்வேர் புரோகிராம்கள். முதலில் நகல் எடுத்துப் பயன்படுத்து, பிடித்தால் ஆசிரியருக்குப் பணம் அனுப்பு, நண்பருக்கும் கொடு என்பது ஏற்பாடு. 1982-இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மனின் பிசி-டாக், ஜிம் நாஃபின் பிசி-ஃபைல் இரண்டும் இந்த வழியைத் திறந்தன. 'ஷேர்வேர்' என்ற பெயரைப் பரப்பியவர் பிசி-ரைட்டை எழுதிய பாப் வாலஸ். கோப்பைப் படிக்கும் கருவிகளில் பரவலாக நகலெடுக்கப்பட்டது வெர்னன் பியூர்கின் 'லிஸ்ட்'. 1983-இல் தொடங்கியது, சிப்பின் கட்டளைகளுக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதியது, பின்னோக்கியும் போகும். பின்னோக்கிப் போவதுதான் இதில் கடினமான வேலை.

முன்னோக்கிப் படிப்பது எளிது. பைட்டை எடுக்க வேண்டும், திரையில் போட வேண்டும், வரி முடிவைக் குறிக்கும் 13, 10 என்ற இரு பைட்டுகள் வந்தால் அடுத்த வரிக்குப் போக வேண்டும். மேலே ஒரு வரி போவதற்கோ முந்தைய வரி எங்கே தொடங்கியது என்று தெரிய வேண்டும். டாஸ் அதை எங்கும் குறித்து வைப்பதில்லை. டாஸைப் பொறுத்தவரை கோப்பு என்பது பைட்டுகளின் ஒரு நீண்ட கயிறு. ஆகவே வியூவர், அதாவது லிஸ்ட் போன்ற கோப்பு காட்டும் புரோகிராம், தற்போதைய முதல் வரியின் தொடக்கத்திலிருந்து இரண்டு பைட் பின்வாங்கி, அந்த 13, 10 ஜோடியைத் தாண்டி, இன்னொரு 10 தட்டுப்படும் வரை பின்னோக்கித் தேடும். அதற்கு அடுத்த பைட்தான் முந்தைய வரியின் முதல் எழுத்து. பேஜ்-அப் விசை என்றால் இதையே இருபத்து மூன்று முறை செய்ய வேண்டும்.

தேடல் மெமரியில் உள்ள பகுதியின் விளிம்பைத் தொட்டுவிட்டால் டிஸ்க்குக்குப் போக வேண்டும். புரோகிராம்கள் எண் சொல்லி அழைக்கும் டாஸ் சேவைகளில் 42 (எண் பதினாறடிமானம்) கோப்பில் எந்த இடத்துக்கும் நகர்த்தும், 3எஃப் படிக்கும். புதிதாக எழுதுபவர் இங்கேதான் சறுக்குவார். வேண்டிய வரி பஃபரின் (கோப்பின் ஒரு பகுதியைப் படித்து வைக்கும் மெமரி இடம்) கடைசியில் வரும்படி படித்து வைத்தால், பயனர் ஒரு பக்கம் மேலே போய் உடனே கீழே வரும்போது மறுபடியும் டிஸ்க்கைத் தொட நேரும். ஃபிளாப்பி மோட்டாரை பயாஸ் (கணினியின் சிப்பிலேயே பதிந்த அடிப்படை மென்பொருள்) சுமார் 2 நொடியில் நிறுத்திவிடும். நின்ற மோட்டார் மறுபடி வேகம் பிடிக்கும் வரை பயனர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வேண்டிய வரி பஃபரின் நடுவில் விழும்படி படித்தால் இரு பக்கமும் பாதிப் பஃபர் கையிருப்பில் இருக்கும்.

நீண்ட வரிகளை மடித்துக் காட்டச் சொன்னால் கணக்கு இன்னும் சிக்கலாகும். 200 எழுத்துள்ள வரி 80, 80, 40 என மூன்று திரை வரிகளாக மடியும். அடுத்த வரியிலிருந்து ஒரு படி மேலே போக, அந்த 200 எழுத்து வரியின் தொடக்கம் வரை பின்வாங்கி, அங்கிருந்து முன்னோக்கி மடித்து எண்ணி, மூன்றாவது துண்டு எங்கே தொடங்குகிறது என்று காண வேண்டும். தாவல் எழுத்துகள் இருந்தால் ஒவ்வொன்றும் அடுத்த 8-இன் மடங்குக்குத் தாண்டும், எண்ணிக்கையில் அதையும் சேர்க்க வேண்டும். 10 என்ற பைட்டே இல்லாத கோப்பும் வரும். பழைய மேக்கின்டாஷ் கோப்புகளில் வரி முடிவு வெறும் 13. அதைத் தேடிப் போனால் கோப்பின் தொடக்கம் வரை ஓட வேண்டியதுதான். அதனால் சில வியூவர்கள் இத்தனை எழுத்துக்கு மேல் தாங்களே வரியை வெட்டின. விளைவாக, கீழே போகும்போது ஓர் இடத்தில் வெட்டிய வரி, மேலே வரும்போது வேறிடத்தில் வெட்டுப்படும். பயனர் கணினி கெட்டுவிட்டதோ என்று நினைப்பார்.

திரையில் போடுவதற்கு நல்ல வியூவர்கள் டாஸை நம்பவில்லை. 80 பத்தி (நெடுவரிசை), 25 வரி, ஆக 2,000 கட்டங்கள். கட்டத்துக்கு 2 பைட், ஒன்று எழுத்து, மற்றது நிறம். இந்த 4,000 பைட்டும் வண்ண வீடியோ அட்டையில் பி800 செக்மென்ட்டிலும் (மெமரிப் பகுதி), ஒற்றை நிற அட்டையில் பி000-விலும் இருக்கும். வீடியோ மோட் 7 என்று பயாஸ் சொன்னால் ஒற்றை நிறம். மெமரியில் திரையைத் தயாரித்து ஒரே அடியில் அங்கே கொட்டினால், 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088 சிப்பிலும் சுமார் 50,000 சுழற்சி, அதாவது ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட். வீடியோ அட்டை காக்கவைக்கும் நேரம் தனி. டாஸ் வழியாக எழுத்து எழுத்தாக அனுப்புவதோடு ஒப்பிட்டால் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. ஐபிஎம்மின் வண்ண அட்டையான சிஜிஏ-வில், திரை வரைபடும் அதே நேரத்தில் சிப்பும் வீடியோ மெமரியைத் தொட்டால், 80 பத்தி மோடில் வெள்ளைப் புள்ளிகள் பனிபோலச் சிதறும். தவிர்க்க வேண்டுமானால் அட்டையின் நிலையைச் சொல்லும் போர்ட் 3டிஏ-வின் 0-ஆவது பிட்டைப் பார்த்து, திரையை வரையும் கதிர் வரியின் முனையிலிருந்து திரும்பும் அந்தச் சில மைக்ரோசெகண்டில் மட்டும் எழுத வேண்டும். பயாஸ் வேறு வழியைப் பிடித்தது. வரிகளை மேலே நகர்த்தும்போது திரையையே ஒரு கணம் அணைத்துவிடும். சிஜிஏ திரை வரிக்கு வரி கண் சிமிட்டியதன் காரணம் இதுதான்.

நேரடியாக எழுதுவதில் இன்னொரு லாபம் பாதுகாப்பு. திரைக்கும் விசைகளுக்குமான சிறப்புக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் ஆன்சி.சிஸ் என்ற டிரைவரை ஏற்றிய கணினியில் டைப் காட்டும் கோப்புக்குள் எஸ்கேப் எழுத்தில் தொடங்கும் வரிசைகள் இருந்தால் அவை கட்டளைகளாக நிறைவேறும். ஒரு விசைக்கு வேறொரு கமாண்டை ஒட்டவும் அவற்றால் முடியும். எஃப்1 தட்டினால் கோப்புகள் அழியும்படி விஷமம் செய்யலாம். வியூவருக்கு எஸ்கேப் என்பது 27-ஆம் எண் எழுத்து, ஓர் இடது அம்பு. காட்டிவிட்டு நகர்ந்துவிடும். டைப் நின்றுவிடும் 26-ஆம் எண்ணிலும் வியூவர் நிற்க வேண்டியதில்லை. அந்த முடிவுக் குறி, கோப்பின் அளவை 128 பைட் துண்டுகளாக மட்டுமே எண்ணிய, டாஸுக்கு முந்தைய இயக்கு மென்பொருளான சிபி/எம் காலத்து மிச்சம்.

வேர்ட்ஸ்டார் என்ற எழுத்துச் செயலியின் கோப்புகளைத் திறந்தால் சொற்களின் கடைசி எழுத்து கிறுக்கலாகத் தெரியும். அந்தப் புரோகிராம் அங்கே எட்டாவது பிட்டை ஏற்றிவைக்கும். 101 ஆக இருக்க வேண்டிய சிறிய 'ஈ' (e) 229 ஆகி, கிரேக்கச் சிக்மாவாகக் காட்சி தரும். வியூவரில் ஏழு பிட் மோடுக்கு மாறினால் 128 கழிந்து எழுத்து சரியாகும். அதே மோடில் கட்டம் வரைந்த கோப்பைத் திறந்தால் கதை தலைகீழ். இரட்டைக் கோட்டின் 205 என்பது 77 ஆகி 'எம்' வரிசையாகும், செங்குத்துக் கோட்டின் 186 என்பது 58 ஆகி முக்காற்புள்ளியாகும். பெட்டியின் மேல் விளிம்பு முழுக்க எம் எம் எம் என்று நின்றால் கோப்பில் பழுதில்லை, மோடைத்தான் மாற்ற வேண்டும்.

புரோகிராம்களைப் பட்டியலிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் மெனுவுக்கும் பின்னால் திரும்புவதே தலைவலி. ஒரு புரோகிராமை ஓட்டிவிடுவது எளிது, அது முடிந்ததும் மெனுவுக்குத் திரும்புவதுதான் பாடு. வெறும் பேட்ச் கோப்புகளால் (கமாண்ட்களை வரிசையாக எழுதிவைத்த உரைக் கோப்புகள்) செய்வதென்றால், மெனு.பேட் திரையைத் துடைத்து, கட்டம் போட்ட ஒரு உரைக் கோப்பை டைப் செய்து, 'எண்ணைத் தட்டுக' என்று ப்ராம்ப்ட்டை (கமாண்டுக்காகக் காத்திருக்கும்போது டாஸ் காட்டும் சொற்கள்) மாற்றிவிட்டு முடிந்துவிடும். பயனர் 2 என்று தட்டி எண்டர் அடித்தால் ஓடுவது 2.பேட் என்ற கோப்பு. அதன் கடைசி இரண்டு வரி, மூல டைரக்டரிக்குத் திரும்புவதும் மெனு என்று அழைப்பதும். ஒரு பேட்ச் இன்னொன்றை 'கால்' (CALL) கமாண்ட் இல்லாமல் அழைத்தால் திரும்பாது என்பது டாஸின் குறை என்பார்கள். இங்கே அதுதான் கைகொடுக்கிறது, எத்தனை முறை சுற்றினாலும் அடுக்கு ஏறாது.

அம்பு விசையால் தேர்ந்தெடுக்கும் மெனு வேண்டுமென்றால் தனிப் புரோகிராம் தேவை. அது மெமரியில் இருந்தபடியே 4பி சேவையால் மற்றதை ஓட்டலாம். காம் (.COM) வகைப் புரோகிராமுக்கு டாஸ் தொடக்கத்திலேயே எஞ்சிய மெமரி முழுவதையும் கொடுத்துவிடுகிறது. முதலில் 4ஏ சேவையால் அதைச் சுருக்காவிட்டால் 8-ஆம் எண் பிழை வரும், அதாவது மெமரி போதவில்லை. டாஸ் 2-இல் 4பி முடிந்து திரும்பும்போது புரோகிராம் திரும்பும் இடங்களை அடுக்கி வைக்கும் ஸ்டாக்கைக் காட்டும் ரெஜிஸ்டர்களும் அழிந்திருக்கும். கட்டளைகள் இருக்கும் கோட் செக்மென்ட்டுக்குள் அவற்றை முன்பே எழுதி வைக்காதவர் கணினியை ரீசெட் செய்ய வேண்டியதுதான்.

256 கேபி கணினியில் மெனுவே 40 கேபி பிடித்துக்கொண்டால் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு இடம் குறையும். அதனால் நல்ல மெனுக்கள் தேர்வை ஒரு சிறு பேட்ச் கோப்பில் எழுதிவிட்டு மெமரியை விட்டே வெளியேறின. எழுதும் கோப்பு ஓடிக்கொண்டிருக்கும் பேட்ச்சாக இருக்கக் கூடாது. கமாண்ட்களை நிறைவேற்றும் டாஸ் பகுதியான கமாண்ட்.காம் ஒவ்வொரு வரிக்கும் கோப்பை மறுபடி திறந்து, விட்ட பைட்டிலிருந்து படிக்கும். கோப்பு மாறியிருந்தால் ஏதோ ஒரு சொல்லின் நடுவில் இறங்கி, தவறான கமாண்ட் என்று முறையிடும். இன்னொரு வழி, மெனு தன் முடிவு எண்ணை, பேட்ச் கோப்பு சோதிக்கக்கூடிய எர்ரர்லெவலாகத் தருவது. அந்தச் சோதனை 'சமம்' அல்ல, 'அந்த எண்ணோ அதற்கு மேலோ'. ஆகவே பெரிய எண்ணிலிருந்து கீழே இறங்கிச் சோதிக்க வேண்டும். 1-இல் தொடங்கினால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் புரோகிராமே ஓடும்.

ஃபிளாப்பி மட்டுமே உள்ள கணினியில் இன்னொன்றும் நடக்கும். பெரிய புரோகிராம் முடிந்ததும் கமாண்ட்.காமின் ஒரு பகுதி மெமரியில் அழிந்திருக்கும். அதை மறுபடி ஏற்ற டிஸ்க் வேண்டும். பயனரோ அதற்குள் வேறு ஃபிளாப்பியை மாற்றியிருப்பார். கமாண்ட்.காம் உள்ள டிஸ்கைப் போடு என்று ஒரு முறை, பேட்ச் கோப்பு உள்ள டிஸ்கைப் போடு என்று ஒரு முறை டாஸ் கேட்கும். டாஸ் 3.0 முதல் இதற்கு ஒரு தீர்வு இருந்தது. தொடக்க அமைப்புக் கோப்பான கான்ஃபிக்.சிஸ்ஸில் விடிஸ்க்.சிஸ் போட்டு 64 கேபி ராம் டிஸ்க் (மெமரியில் உருவாக்கும் போலி டிஸ்க்) உண்டாக்கி, ஆன் செய்ததும் ஓடும் ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் சுமார் 25 கேபி உள்ள கமாண்ட்.காமையும் மெனு, வியூவர், பேட்ச் கோப்புகளையும் அதற்குள் நகலெடுத்து, கமாண்ட்.காம் எங்கே என்று சொல்லும் காம்ஸ்பெக் மாறியை அங்கே திருப்பிவிட வேண்டும். இருப்பதிலேயே 64 கேபி போகிறது, உண்மைதான். ஆனால் ஏ டிரைவில் எந்த ஃபிளாப்பி இருந்தாலும் மெனு திரும்பி வரும். கரண்ட் போனால் ராம் டிஸ்கும் போகும், அடுத்த முறை ஆன் செய்யும்போது ஆட்டோஎக்ஸெக்.பேட் மறுபடி நகலெடுத்துக்கொள்ளும்.