பக் வருவதற்கு முந்தைய ஒரு நொடி: இளம் டிஃபென்ஸ்மேனை ஸ்கவுட்டுகள் எடைபோடும் விதம்

வட அமெரிக்காவின் முதன்மையான ஐஸ் ஹாக்கி லீக் என்.எச்.எல். அதன் அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். 2012 ஜூனில் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த டிராஃப்டில் முதல் 10 பேரில் 8 பேர் டிஃபென்ஸ்மேன்கள், அதாவது தடுப்பாட்டக்காரர்கள். அவர்களில் நான்காவது இடத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்த கிரிஃபின் ரைன்ஹார்ட், என்.எச்.எல்-லில் மொத்தமாக ஆடியது 37 ஆட்டங்கள்தான். அதே டிராஃப்டில் 86-வதாக செயின்ட் லூயிஸ் அணி எடுத்த கோல்ட்டன் பரேக்கோ, 2019-ல் அந்த அணியோடு லீகின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். 120-வதாக கரோலினா எடுத்த ஜேக்கப் ஸ்லேவின் இன்று உலகின் மிக நம்பகமான தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். முந்தைய ஆண்டு டிராஃப்டிலேயே பரேக்கோவை எடுத்திருக்கலாம். அப்போது ஒரு அணியும் அவரைச் சீண்டவில்லை.

இந்த அணிகளுக்கு வேலை பார்க்கும் ஸ்கவுட்டுகள் வருடம் முழுவதும் குளிரரங்கங்களில் உட்கார்ந்து இளைஞர்களைப் பார்ப்பவர்கள். அவர்களுக்கே ஒரு டிஃபென்ஸ்மேனைக் கணிப்பது ஏன் இவ்வளவு கடினம்? முன்கள ஆட்டக்காரர் நன்றாக ஆடினால் கோல் விழும், எல்லோருக்கும் தெரியும். தடுப்பாட்டக்காரர் நன்றாக ஆடினால் எதுவுமே நடக்காது. எதிரணி பக்கை, அதாவது ஆடும் ரப்பர் வட்டை, எடுத்துக்கொண்டு வரும், வழி இல்லாமல் திரும்பிப் போகும். ஸ்கோர் தாளில் அதற்கு ஒரு கட்டம்கூட கிடையாது. நடக்காமல் போனதைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி.

முதலில் கால்களிலிருந்து தொடங்குவோம். ஸ்கேட்டின் பிளேடு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. அதன் அடிப்பகுதியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் தீட்டியிருப்பார்கள். அதனால் ஒரே பிளேடுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு கூர்முனைகள். நீளவாக்கில் பிளேடு வழுக்கிக்கொண்டு ஓடும், குறுக்குவாக்கில் பனியைக் கடித்து நிற்கும். முன்னோக்கி ஓடுபவர் இந்தக் கடியைப் பயன்படுத்திக் காலைப் பக்கவாட்டில் நீளமாக உதைத்து வேகம் எடுக்கிறார். பின்னோக்கி ஓடுபவருக்கு அந்த நீளமான உதை கிடைப்பதில்லை. பெரும்பாலும் பாதத்தைப் பனியிலிருந்து எடுக்காமலே பிறை வடிவத்தில் அரைவட்டம் வெட்டித்தான் தள்ள வேண்டும். ஆகவே எவ்வளவு தேர்ந்தவரானாலும் பின்னோக்கிய வேகம் முன்னோக்கிய வேகத்தைவிடக் குறைவுதான். தடுப்பாட்டக்காரரோ எதிராளியைப் பார்த்தபடி பின்னோக்கியே ஓட வேண்டியவர்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எதிராளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 32 கிலோமீட்டரில் வருகிறார். நம் ஆள் நொடிக்கு 7 மீட்டரில் பின்வாங்குகிறார். இருவருக்கும் இடையே 3 மீட்டர் இருந்தால் ஒன்றரை நொடியில் அது கரைந்துவிடும். தற்காப்புப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டிலிருந்து கோல் கோடு 64 அடி, சுமார் 19.5 மீட்டர். எதிராளி அதைக் கடக்க இரண்டு நொடிக்குச் சற்று மேல் போதும். ஆக, கோலுக்கு முன்பே ஒரு கட்டத்தில் தடுப்பாட்டக்காரர் உடலைத் திருப்பி முன்னோக்கி ஓடியாக வேண்டும். அந்தத் திருப்பத்தின் நடுவே இடுப்பு திறந்திருக்கும், எடை ஒரு காலில் இருக்கும். கெட்டிக்கார எதிராளி காத்திருப்பது அதற்குத்தான். இளம் வீரர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறாரா, திரும்பும்போது வேகம் இழக்கிறாரா, ஒரு பக்கத்தை மட்டும் தவிர்க்கிறாரா என்று ஸ்கவுட் பார்ப்பார். நேர்கோட்டு வேகம் அடுத்த பட்சம்தான்.

இடைவெளியைப் பராமரிப்பதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கபடியில் பாடி வருபவரிடம் எட்டியும் எட்டாமலும் நிற்பார்களே, கிட்டத்தட்ட அதுதான் இங்கேயும். அதிகம் விட்டுக்கொடுத்தால் எதிராளி நிதானமாக ஷாட் அடிப்பார். அதிகம் நெருங்கினால் ஒரே அசைவில் தாண்டிவிடுவார். ஸ்டிக்கை நீட்டினால் பக் எட்டும் தூரத்தில், எதிராளியின் வேகத்துக்கு இணையாகப் பின்வாங்குவதுதான் கலை.

இதில் நீலக்கோடு தடுப்பாட்டக்காரரின் பக்கம் நிற்கிறது. விதிப்படி பக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் எதிரணியின் மற்றவர்கள் தாண்டலாம், முந்திப் போனால் ஆஃப்சைடு. பக்கோடு வருபவரைக் கோட்டருகே ஒரு கணம் தயங்க வைத்தாலே போதும், கூட ஓடி வந்த இருவரும் கோட்டில் பிரேக் போட வேண்டியிருக்கும். தாக்குதலின் வேகம் அங்கேயே செத்துவிடும். பயந்த பையன்கள் கோட்டுக்கு முன்பே பின்வாங்கத் தொடங்கி அந்த இடத்தை இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். துணிந்தவர்கள் அங்கேயே நின்று எதிராளியைக் களத்தைச் சுற்றியுள்ள பலகை ஓரமாக ஒதுக்குவார்கள். ஓரத்திலிருந்து அடிக்கும் ஷாட்டின் கோணம் மோசம், கோல்கீப்பர் எளிதாகப் பிடித்துவிடுவார்.

என்னைக் கேட்டால், இதற்கெல்லாம் மேலே வைக்க வேண்டிய திறமை ஒன்று உண்டு. அது பக் கையில் இல்லாதபோது தெரிவது. எதிரணி பக்கை மூலையில் எறிந்துவிட்டுத் துரத்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பாட்டக்காரர் தன் கோலை நோக்கி, எதிரணிக்கு முதுகைக் காட்டியபடி ஓடுகிறார். துரத்துபவர் ஒரு நொடி தூரத்தில் இருக்கிறார், வந்தால் உடலால் மோதப் போகிறார். பக்கை எடுத்த பிறகு சுற்றிப் பார்க்க நேரம் இல்லை. ஓடும்போதே ஒருமுறை, இருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, யார் எந்தப் பக்கம் வருகிறார், நம் ஆள் எங்கே நிற்கிறார் என்று மனதில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தவர் பக்கைத் தொடும் முன்பே முடிவு செய்துவிடுவார். இடது பக்கம் போவது போலத் தோளை ஆட்டி வலது பக்கம் திரும்பி, ஒரு பாஸில் தன் அணியை வெளியே அனுப்பிவிடுவார். பார்க்காதவர் பக்கை எடுத்தபின் யோசிப்பார், அதற்குள் பலகையில் நசுங்கியிருப்பார். அல்லது பதறிப்போய்ப் பலகைக்கு மேலுள்ள கண்ணாடியில் அடித்து எதிரணிக்கே தானம் செய்வார்.

ஜூனியர் ஆட்டங்களில் இந்த வித்தியாசம் மறைந்து கிடக்கும். துரத்துபவர்களும் பையன்கள்தான் என்பதால் கால் வேகமோ உடல் பலமோ உள்ள பையன் தாமதமாக யோசித்தும் தப்பித்துக்கொள்வான். என்.எச்.எல்-லில் அந்த உபரி நேரம் பறிபோய்விடும். முன்கூட்டியே பார்க்கும் பழக்கம் மட்டும் மேல்மட்டத்துக்கும் கூடவே வரும். 2016 டிராஃப்டில் 66-வதாக எடுக்கப்பட்ட ஆடம் ஃபாக்ஸ் பெரிய உருவம் இல்லை, மின்னல் வேகமும் இல்லை. ஆட்டத்தை மற்றவர்களுக்கு ஒரு கணம் முன்பே படிப்பவர். 2021-ல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பை அவருக்குத்தான். அதே கோப்பையை 7 முறை வென்ற ஸ்வீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம், 1989 டிராஃப்டில் 53-வது ஆள்.

அதனால்தான் இவ்வளவு வீடியோ வசதி வந்த பிறகும் ஸ்கவுட்டுகள் நேரில் போகிறார்கள். ஒளிபரப்புக் கேமரா பக்கைத் துரத்தும். ஸ்கவுட் பார்க்க வேண்டிய பையன் அந்த நேரத்தில் சட்டகத்துக்கு வெளியே இருப்பான். அரங்கின் மேல்வரிசையில் உட்கார்ந்தால் முழுக் களமும் தெரியும். ஆட்டம் முழுக்க ஒரே பையனை மட்டும் பார்க்கலாம்: பக் மறுமுனையில் இருக்கும்போது எங்கே நிற்கிறான், தவறு செய்த அடுத்த முறை களமிறங்கும்போது ஒடுங்கிப் போகிறானா, பெஞ்சில் சக வீரர்களிடம் பேசுகிறானா.

எண்களும் உதவும், ஆனால் எந்த எண் என்பது முக்கியம். கோல், அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்) இரண்டையும் கூட்டிய புள்ளிகள் இளம் தடுப்பாட்டக்காரர் விஷயத்தில் ஏமாற்றக்கூடியவை. எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் பவர்பிளேயில் பயிற்சியாளர் இறக்கினால் புள்ளி ஏறும், இறக்காவிட்டால் ஏறாது. தவிர, லீகுக்கு லீக் தரம் வேறு. ராஸ்மஸ் டாலின் பதினாறு பதினேழு வயதிலேயே ஸ்வீடனில் பெரியவர்களின் முதல்தர லீகில் ஆடினார். கேல் மக்கார் ஆடியதோ கனடாவின் ஆல்பர்ட்டா ஜூனியர் லீகில், அது முதன்மை ஜூனியர் லீகுகளுக்கு ஒரு படி கீழே. இருவரின் புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கொலராடோ 2017-ல் மக்காரை நான்காவதாகத் துணிந்து எடுத்தது. 2022-ல் அவர் நாரிஸ் கோப்பையும் ஸ்டான்லி கோப்பையும் வென்றார்.

களத்தில் இருக்கும்போது விழுந்த கோல்களைக் கூட்டிக் கழிக்கும் பிளஸ்-மைனஸ் இன்னும் பலவீனமானது. ஒரு ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து அடிப்பது சராசரியாக ஆறு கோல் அளவுதான். இவ்வளவு அரிதாக நடப்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது, கோல்கீப்பரின் பங்கும் பெரிது. அதற்குப் பதிலாக, எதிரணி நீலக்கோட்டைத் தாண்ட இவர் பக்கம் முயன்றது எத்தனை முறை, அதில் எத்தனை முறை தடுத்தார், மீட்ட பக்கை எத்தனை முறை கட்டுப்பாட்டோடு வெளியே கொண்டுபோனார் என்று எண்ணலாம். இவை ஒவ்வொரு ஆட்டத்திலும் திரும்பத் திரும்ப நடப்பவை. நிகழ்வு அதிகமானால் தற்செயலின் இரைச்சல் அடங்கும், திறமை சீக்கிரம் தெரியவரும். இதை யாராவது வீடியோவைப் போட்டுக் கையால் எண்ண வேண்டியிருக்கிறது என்பதுதான் சிரமம்.

அப்புறம் பிறந்த தேதி. செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைபவர்கள் அந்த ஆண்டு டிராஃப்டுக்குத் தகுதி பெறுவார்கள். 2006 செப்டம்பர் 16-ல் பிறந்தவரும் 2007 செப்டம்பர் 15-ல் பிறந்தவரும் ஒரே டிராஃப்டில் நிற்பார்கள். கிட்டத்தட்ட ஒரு முழு ஆண்டு வித்தியாசம். அந்த வயதில் ஒரு ஆண்டு என்பது தோள் அகலம், தொடை பலம், உயரம் எல்லாம் மாறுகிற காலம். கனடாவில் சிறுவர் பிரிவுகள் ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கப்படுவதால் ஆண்டுத் தொடக்கத்தில் பிறந்த பையன்கள் சின்ன வயதிலேயே பெரியவர்களாகத் தெரிந்து நல்ல அணிகளில் சேர்ந்துவிடுகிறார்கள். ராபர்ட் டீனரும் சகாக்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டின் பிற்பாதியில் பிறந்த கனடா வீரர்கள் அவர்களுடைய பிற்காலச் சாதனைக்குப் பொருந்தாத அளவு பின்தங்கிய இடங்களில் எடுக்கப்பட்டதைக் காட்டியது. வளர்ச்சி முடியாத உடலை முடிந்த உடலோடு ஒப்பிட்டதன் விளைவு இது. நல்ல ஸ்கவுட் பையனின் இன்றைய எடையைவிட எலும்புச் சட்டத்தைப் பார்ப்பார், முந்தைய ஆண்டிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறான் என்று குறித்து வைப்பார்.

டிராஃப்டுக்கு முன்பு பஃபலோவில் ஆண்டுதோறும் நடக்கும் உடல்தகுதி முகாமில் சைக்கிள் சோதனை, குதிப்பு, பிடிபலம், நேர்காணல் எல்லாம் உண்டு, ஸ்கேட்டிங் மட்டும் கிடையாது. பயன் உண்டு, ஆனால் வரிசையைத் தீர்மானிக்கும் அளவுக்கு அதற்கு இடம் கொடுக்கக்கூடாது என்பது என் கருத்து.

2025 டிராஃப்ட் இந்த எல்லாக் கேள்விகளையும் ஒரே பையனிடம் கொண்டுவந்து நிறுத்தியது. மேத்யூ ஷேஃபர் பிறந்தது 2007 செப்டம்பர் 5. இன்னும் பதினோரு நாள் கழித்துப் பிறந்திருந்தால் அடுத்த ஆண்டு டிராஃப்டுக்குத்தான் வந்திருப்பார். அந்த சீசனில் ஈரி ஆட்டர்ஸ் என்ற ஜூனியர் அணிக்காக அவர் ஆடியது 17 ஆட்டங்களே. டிசம்பரில் உலக ஜூனியர் போட்டியில் கோல் கம்பத்தில் மோதிக் காறை எலும்பு முறிந்தது, அதோடு சீசன் முடிந்தது. பார்க்கக் கிடைத்த அந்தக் கொஞ்ச ஆட்டங்களிலும், பின்னோக்கி ஓடும்போதும் திரும்பும்போதும் வேகம் குறையாத கால்களும் பக்கை எடுக்கும் முன்பே எடுத்த முடிவுகளும் தெளிவாகத் தெரிந்தன. ஐலண்டர்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. அக்டோபரில், 18 வயதில், அவர் என்.எச்.எல். களத்தில் இறங்கினார்.