ஆழ்கடல் அட்டைகளை இனம் காண்பது எப்படி?

மன்னார் வளைகுடாவின் கடல் அட்டை மணலில் மெல்ல ஊர்ந்து திரியும் தடித்த பிராணி. ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில் இருக்கும் அதன் சொந்தங்களைப் பார்த்தால் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை என்றே நம்ப முடியாது. ஸ்கோட்டோபிளேன்ஸ் உருண்டு திரண்ட உடலோடு சேற்றில் கால் ஊன்றி நடக்கும். சைக்ரோபோட்டஸ் லாங்கிகாடாவுக்கு முதுகின் பின்பகுதியில் பாய்மரம்போல் நிமிர்ந்த பெரிய வால். எனிப்னியாஸ்டஸ் தரையை விட்டு எழும்பி நீந்தும், தொந்தரவு செய்தால் ஒளிரும்.

இவை மூன்றும் எலாசிபோடிடா என்ற வரிசையில் வருகின்றன. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த மாதிரிகளை ஆராய்ந்து, 1882இல் ஸ்வீடன் விலங்கியலாளர் யால்மார் தேல் இவற்றைத் தனிக் குழுவாக விவரித்தார். கரையோர அட்டைகள் பலவற்றின் உடலுக்குள் மரம்போல் கிளைத்த சுவாச உறுப்பு உண்டு. எலாசிபோடிடாவுக்கு அது கிடையாது.

சரி, இனத்தை எப்படிப் பிரிப்பது? வலையில் ஏறி மேலே வருவதற்குள் உடல் நசுங்கிக் கூழாகிவிடும். நிறமும் வடிவமும் போய்விடும். ஆனால் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு எலும்புத் துணுக்குகள் புதைந்திருக்கின்றன. தோலில் சிறு துண்டை வெட்டி பிளீச்சில் போட்டால் சதை கரைந்து துணுக்குகள் அடியில் தங்கும். அவற்றைக் கழுவி நுண்ணோக்கியில் வைப்பார்கள். லேட்மோகோனிடே குடும்பத்தில் சக்கரங்கள் தெரியும், சைக்ரோபோட்டிடேயில் சிலுவைகள். மாதிரி கெடாமல் வைக்க ஊற்றும் ஃபார்மலினின் அமிலத்தன்மையை நீக்காவிட்டால், இவ்வளவு நுட்பமான சான்றையும் அது கரைத்துவிடும். அப்படி எத்தனையோ மாதிரிகள் பயனற்றுப் போனது வருத்தமான விஷயம்.

துணுக்கு மட்டும் போதாது. பெலகோதூரியா என்ற கடல் அட்டை வாழ்நாள் முழுவதும் நீந்துவது, அதன் தோலில் துணுக்கே இல்லை. அங்கே மரபணுவும் ஆழ்கடல் கேமராப் படமும்தான் துணை. உணர்கொம்புகள் ஒரே வடிவில் இருந்ததால் ஒன்றாக வைக்கப்பட்டிருந்த ஆஸ்பிடோகைரோடிடா என்ற பழைய வரிசை, 2017இல் வெளிவந்த மரபணு ஆய்வுக்குப் பின் மூன்றாகப் பிரிந்தது.

இருப்பிடத்தைத் தீர்மானிப்பதில் ஆழத்தோடு உணவுக்கும் பெரிய பங்கு உண்டு. மேற்பரப்பிலிருந்து உதிர்ந்து வரும் உயிர்க்கழிவு எங்கே அதிகம் படிகிறதோ அங்கே இவை பெருகும். வட அட்லாண்டிக்கின் போர்க்குபைன் சமவெளியில், சுமார் 4,850 மீட்டர் ஆழத்தில், அதுவரை அரிதாக இருந்த ஆம்பெரிமா ரோசியா என்ற கடல் அட்டை 1990களின் நடுவில் திடீரென்று கூட்டம் கூட்டமாகப் பெருகியது. கடலடியின் ஆழமான பள்ளங்களான அகழிகளிலும் அப்படித்தான்: கழிவு சரிவில் வழிந்து அடியில் குவிவதால் எல்பிடிடே குடும்பத்தினர் அங்கே செழிக்கின்றனர். 1951இல் டென்மார்க்கின் கலாத்தியா ஆய்வுக் கப்பல் பிலிப்பைன் அகழியில் பத்தாயிரம் மீட்டருக்கும் கீழே வலை போட்டபோது, அங்கேயும் கடல் அட்டைகள் கிடைத்தன.