மும்பைக் கடலில் சொந்தப் படகு: ரேடியோவுக்கு உரிமம் ஏன், எப்படிப் பேசுவது

மழைக்காலம் முடிந்து அக்டோபர் பிறந்ததும் கேட்வே பக்கம் பாய்மரங்கள் மறுபடி தென்பட ஆரம்பிக்கும். செம்பூர், மாட்டுங்கா, முலுண்டு என்று இருக்கும் நம் ஆட்களிலும் சிலர் தனியாகவோ நண்பர்களோடு சேர்ந்தோ சின்னப் படகு வைத்திருக்கிறார்கள். எதிர்க்கரையில் இருக்கும் மாண்ட்வா வரை போய் வருவார்கள், எலிஃபண்டா தீவைச் சுற்றி வருவார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஒரு வாக்கி டாக்கி வாங்கிப் படகில் போட்டுக்கொள்ளலாமா, அதற்கும் லைசென்ஸ் வேண்டுமா?"

வேண்டும். படகு பெரிதா சிறிதா, தொழிலுக்கா பொழுதுபோக்கிற்கா என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. கடல் ரேடியோவை, அதாவது மரைன் விஎச்எஃப் செட்டை, உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே தவறு. பேசினால்தான் குற்றம், சும்மா வைத்திருந்தால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 1933-ஆம் ஆண்டின் இந்திய கம்பியில்லாத் தந்திச் சட்டம் வைத்திருப்பதையே தடுக்கிறது. அந்தச் சட்டத்துக்கும் 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்துக்கும் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது.

குழப்பம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே இருக்கும் மச்சானோ சித்தி பையனோ ஊருக்கு வரும்போது நல்ல விஎச்எஃப் கைச்செட் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவார். "எங்க ஊர்ல இதுக்கு லைசென்ஸே கிடையாது" என்பார். அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. உள்நாட்டுக் கடலில் மட்டும் ஓடும் பொழுதுபோக்குப் படகுகளுக்கு 1996-லிருந்து அமெரிக்காவில் தனி உரிமம் தேவையில்லை. பிரிட்டனில் உரிமம் உண்டு. ஆனால் ஆன்லைனில் எடுத்தால் கட்டணம் கிடையாது, பேசுகிறவருக்குச் சான்றிதழ் மட்டும் தனியாக வேண்டும். இந்த விதிகள் எதுவும் செட்டோடு சேர்ந்து மும்பைக்கு வருவதில்லை. இங்கே ரேடியோ கருவியை உள்ளே கொண்டுவருவதற்கே அனுமதி வாங்க வேண்டும், அதை முதலில் கவனிக்க வேண்டும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி டாக்கிகள் இன்னொரு குழி. 446 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், குறைந்த சக்தியில் வேலை செய்யும் சில செட்டுகளுக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை. கல்யாண மண்டபத்திலும் மலையேற்றத்திலும் அவை பயன்படும். கடலில் பயன்படாது. கப்பல்களும் கடலோரக் காவல் படையும் கேட்பது 156 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் வேறு அலைவரிசை. நீங்கள் 446-இல் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தப் பக்கம் ஒரு காதும் இல்லை. வேறு சில மலிவுச் செட்டுகள் எல்லா அலைவரிசையிலும் பேசும்படி திறந்து கிடக்கும். அவற்றை வாங்கிப் படகில் வைப்பது நேராகச் சட்ட மீறல். எந்த அலைவரிசை, உரிமம் வேண்டுமா, கருவிக்கு அரசின் வகை ஒப்புதல் இருக்கிறதா என்ற விவரம் காட்டாமல் ஆன்லைனில் இவற்றை விற்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் வழிமுறைகள் வெளியிட்டது. வாங்கும்போது அந்த விவரத்தைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம். ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு ரேடியோ) உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த உரிமம் கடல் அலைவரிசைக்குச் செல்லாது.

சரி, உரிமம் எங்கே வாங்குவது?

தொலைத்தொடர்புத் துறையின் கீழ் டபிள்யூபிசி என்று ஒரு பிரிவு இருக்கிறது. நாட்டின் அலைக்கற்றை முழுவதற்கும் அதுதான் பொறுப்பு. விண்ணப்பங்கள் 'சரள் சஞ்சார்' என்ற இணையதளம் வழியே போகின்றன. அதில் கடல்சார் நிலையத்துக்கான உரிமம் தனியாக இருக்கும். படகுதான் இங்கே 'நிலையம்'. ஆகவே படகின் பதிவு முதலில் ஒழுங்காக இருக்க வேண்டும். மகாராஷ்டிராவில் இந்த வகைப் படகுகளின் பதிவை மகாராஷ்டிரா கடல்சார் வாரியம் கவனிக்கிறது. படகுக் காகிதம் அரைகுறையாக இருக்கும்போது ரேடியோ உரிமத்துக்கு ஓடுவதில் பயனில்லை.

இதோடு ஆள் சம்பந்தப்பட்ட இன்னொரு அனுமதியும் உண்டு. படகு ரேடியோவைக் கையாளும் பொறுப்பில் சான்றிதழ் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும் என்பது சர்வதேச ரேடியோ விதி. ஜிஎம்டிஎஸ்எஸ் என்ற உலகக் கடல் அபாயத் தொடர்பு முறைக்காகக் கப்பல் அதிகாரிகள் எழுதும் தேர்வுகளையும் டபிள்யூபிசிதான் நடத்துகிறது. நாலு பேர் சேர்ந்து வைத்திருக்கும் படகு என்றால் ஒருவராவது படித்துத் தேறுவது நல்லது. என் கருத்தில் இரண்டு பேர் தேறுவது இன்னும் நல்லது. சான்றிதழ் வைத்திருப்பவரே கடலில் விழுந்தால் ரேடியோவை எடுக்க ஆள் வேண்டுமே.

உரிமம் கையில் வரும்போது முக்கியமாக வருவது படகின் அடையாளம். ஒன்று அழைப்புக் குறி. இந்தியக் குறிகள் ஏடி முதல் ஏடபிள்யூ வரை, விடி முதல் விடபிள்யூ வரை, அப்புறம் 8டி முதல் 8ஒய் வரை உள்ள எழுத்துகளில் தொடங்கும். மற்றொன்று எம்எம்எஸ்ஐ என்ற 9 இலக்க எண். இந்தியப் படகு என்றால் அது 419 என்று தொடங்கும். நவீன செட்டில் சிவப்பு மூடிக்குக் கீழே ஒரு அவசரப் பொத்தான் இருக்கும். அதைத் திறந்து சில நொடி அழுத்திப் பிடித்தால், டிஎஸ்சி என்ற டிஜிட்டல் அழைப்பு முறையில் 70-ஆம் சேனல் வழியாக உங்கள் எம்எம்எஸ்ஐ எண் போகும். ஜிபிஎஸ் இணைத்திருந்தால் படகு இருக்கும் இடமும் கூடவே போகும். நீங்கள் வாய் திறக்கும் முன்பே யார், எங்கே என்று எதிர்ப்பக்கம் தெரிந்துவிடும். எண் பதிக்காத செட்டில் இந்த வசதி முழுக்க முடங்கிக் கிடக்கும். வேறு யாருடைய எண்ணையோ பதித்தால் அதைவிட மோசம், தேடுகிறவர்கள் வேறு படகைத் தேடுவார்கள். இந்த எண்ணை நீங்களே விரும்பியபடி மாற்றிக்கொண்டிருக்கவும் முடியாது. பெரும்பாலான செட்டுகள் ஓரிரு தடவைதான் அனுமதிக்கும், அப்புறம் தயாரித்த நிறுவனத்திடம்தான் போக வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த செட்டில் அந்த ஊர் எண் ஏற்கனவே இருக்கிறதா என்று பாருங்கள். சேனல் முறை 'யுஎஸ்ஏ' என்றிருந்தால் 'இன்டர்நேஷனல்' என்று மாற்றுங்கள். சில சேனல்கள் அங்கே ஒரு மாதிரியும் இங்கே வேறு மாதிரியும் வேலை செய்கின்றன.

மும்பையில் இந்த அடையாளத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. 2008 நவம்பர் 26 அன்று தாக்குதல் நடத்தியவர்கள் கடத்திய மீன்பிடிப் படகில் வந்து, ரப்பர் படகில் கொலாபா பக்கம் கரையேறியவர்கள். அதற்குப் பிறகு இந்தக் கடற்கரையில் படகுப் பதிவும் கண்காணிப்பும் இறுகிவிட்டன. கடற்படைத் தளம், ஜவஹர் தீவின் எண்ணெய்த் துறை, நவஷேவா கன்டெய்னர் துறைமுகம் எல்லாம் ஒரே நீர்ப்பரப்பில் இருக்கின்றன. அங்கே பெயரில்லாத குரல் ஒன்று ரேடியோவில் பேசினால் சந்தேகம் வருவது இயல்பு. இதே காரணத்துக்காகத்தான் சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் வைத்திருப்பதும் இந்தியாவில் தடை. துராயா, இரிடியம் செட்டுகளோடு பிடிபட்டால் போலீஸ் வழக்கு வரை போகும். வெளிநாட்டு நண்பர் படகில் ஏறினால் பையில் சாட்டிலைட் கருவி எதுவும் இல்லையே என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

"போன் இருக்கே, எதுக்கு ரேடியோ?" என்று கேட்பவர்களுக்கு: போன் ஒரு ஆளோடு பேசும், ரேடியோ சுற்றியிருக்கும் எல்லோரோடும் பேசும். ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனலில் நீங்கள் ஆபத்து என்று சொன்னால் கடலோரக் காவல் படை மட்டும் கேட்பதில்லை. அரை மைலில் போய்க்கொண்டிருக்கும் ஃபெர்ரியும் இழுவைப் படகும் கேட்கும், முதலில் வந்து சேருவது அவர்களாகவே இருக்கலாம். போனையும் வைத்துக்கொள்ளுங்கள். கடலோரக் காவல் படையின் மீட்பு எண் 1554, கடலோரப் போலீஸ் 1093.

ரேடியோ எவ்வளவு தூரம் எட்டும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நம்பிப் போகக்கூடாது. விஎச்எஃப் ஏறக்குறைய கண்ணுக்கு எட்டும் கோட்டில்தான் போகும். இரண்டு பக்க ஆண்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 2.5-ஆல் பெருக்குங்கள். கடல் மைல் கணக்கு வந்துவிடும். கைச்செட்டோடு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் என்றால் 5 மைல். அதுவும் ஏட்டுக் கணக்கு, நடப்பில் குறையும். பாய்மரத்தின் உச்சியில் 9 மீட்டரில் ஆண்டெனா, கரையில் 100 மீட்டர் உயரக் கோபுரம் என்றால் 32.5 மைல். பெரிய செட்டின் சக்தி 25 வாட், கைச்செட்டில் 5 அல்லது 6. வாட்டை விட உயரம்தான் பேசும், ஆண்டெனாவுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

இந்த எல்லைக்கு நம் ஊர் கொடுத்த விலை பெரிது. 2017 ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டப் படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையின் விஎச்எஃப் அவ்வளவு தூரம் எட்டாது. அலையில் அடித்துவரப்பட்டும் ஒதுங்கியும் பல படகுகள் இந்த மகாராஷ்டிரக் கரையில்தான் வந்து சேர்ந்தன. மாண்ட்வாவோடு திரும்புகிறவர்களுக்கு விஎச்எஃப் போதும். கோவா வரை பாய் விரிக்க நினைப்பவர்கள் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் வழியே அபாயக் குறி அனுப்பும் இபிஐஆர்பி கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும். அதன் குறிகளை இந்தியாவில் பெறும் கட்டுப்பாட்டு மையத்தை பெங்களூரில் இஸ்ரோ நடத்துகிறது. கருவியை அங்கே படகு விவரத்தோடு பதிவு செய்தால்தான் குறி வந்ததும் யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி பேசும் முறை. 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கும் கூப்பிடுவதற்கும் மட்டும். நண்பரின் படகைக் கூப்பிட்டுப் பதில் கிடைத்ததும் 72 போன்ற படகுகளுக்கிடையிலான சேனலுக்குப் போய்விடுங்கள். துறைமுகம் தன் வேலைக்கு வைத்திருக்கும் சேனல்களில் அரட்டை வேண்டாம். பக்கத்துப் படகோடு பேச 1 வாட் போதும். பேசும் முன் சற்று கேளுங்கள். இந்த அலையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குறி பலவீனமான குறியை அப்படியே அமுக்கிவிடும். உங்கள் 25 வாட்டுக்கு அடியில் யாரோ ஒருவர் நனைந்த கைச்செட்டில் உதவி கேட்டுக்கொண்டிருக்கலாம். மைக்கை மெத்தை இடுக்கில் செருகி வைக்காதீர்கள். பொத்தான் அழுந்திக் கிடந்தால் சுற்றுவட்டாரத்துக்கே 16 அடைபடும், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

உயிருக்கு ஆபத்து என்றால் 'மேடே', மூன்று தடவை. அவசரம், ஆனால் உடனடி ஆபத்து இல்லை (எஞ்சின் நின்று மிதக்கிறீர்கள், பக்கத்தில் பாறை இல்லை) என்றால் 'பான் பான்'. ஆபத்து என்றால் இந்த வரிசையில் சொல்லுங்கள் (படகின் பெயர் 'கயல்' என்று வைத்துக்கொள்வோம்): "மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் கயல், கயல், கயல்." அடுத்து அழைப்புக் குறியும் எம்எம்எஸ்ஐ எண்ணும். அடுத்து மறுபடி "மேடே கயல்", பின் இருக்கும் இடம், என்ன நடந்தது, என்ன உதவி, எத்தனை பேர், "ஓவர்". இடத்தை ஜிபிஎஸ்ஸில் பார்த்து நிதானமாகச் சொல்லுங்கள். பதட்டத்தில் மறந்துபோகும் என்பதால் இதை ஒரு அட்டையில் எழுதிச் செட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதுங்கள், கூட வந்த யாரும் வாசிக்கட்டும். வேறொருவர் மேடே சொல்வதைக் கேட்டால் உடனே குறுக்கே பேசாமல் அவர் சொன்ன இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து பதில் வரவில்லை என்றால் நீங்கள் பதில் சொல்லி, அந்தச் செய்தியைக் கரைக்குக் கடத்துங்கள்.

குழந்தைகள் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டால் பயந்துபோய்ச் செட்டை அணைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். மறுபடி போட்டு, 16-இல் எல்லா நிலையங்களையும் அழைத்து, படகின் பெயர், எம்எம்எஸ்ஐ எண் சொல்லி, தவறுதலாகப் போன அழைப்பு, ரத்து செய்கிறேன் என்று அறிவியுங்கள். நேர்மையாகச் சொன்னால் தேடல் அங்கேயே நின்றுவிடும். மௌனமாக இருந்தால் மீட்புப் படகு கிளம்பும், அந்த நேரத்தில் வேறு யாருக்கோ அது தேவைப்படலாம்.

படகை விற்கும்போது உரிமமும் எம்எம்எஸ்ஐ எண்ணும் உங்கள் பெயரிலேயே தொங்கிக்கொண்டிருக்க விடாதீர்கள். டபிள்யூபிசிக்குத் தெரியப்படுத்தி, வாங்கியவர் தன் பெயரில் புதிதாக எடுக்கும்படி செய்யுங்கள். இபிஐஆர்பி இருந்தால் பெங்களூர்ப் பதிவிலும் உரிமையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் மாற வேண்டும். இதை விட்டுவிட்டால், ஒரு நாள் புது உரிமையாளர் தண்ணீரில் தத்தளிக்கும்போது மீட்பு மையத்திலிருந்து போன் உங்களுக்கு வரும், அவர் எங்கே கிளம்பினார் என்றே உங்களுக்குத் தெரியாது.