உச்சியில் பந்து நிற்கிறதா?

மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்) எவ்வளவு? பிளஸ் ஒன் வகுப்பில் கேட்டால் பலரும் ‘பூஜ்ஜியம்’ என்பார்கள். பந்துதான் அங்கே ஒரு கணம் நிற்கிறதே! இந்த எண்ணம் வாய் விளக்கத்தில் அவ்வளவு சீக்கிரம் போகாது. மாணவர்கள் தாங்களே ஒரு வீடியோவை அளந்து பார்ப்பதுதான் நல்ல வழி என்று நான் நினைக்கிறேன்.

கலிஃபோர்னியாவில் உள்ள கப்ரில்லோ கல்லூரியைச் சேர்ந்த டக்ளஸ் பிரவுன் இதற்காகவே ‘டிராக்கர்’ என்ற மென்பொருளை உருவாக்கினார். இலவசம். செல்போனை அசையாமல் நிறுத்திவைத்துப் பந்தெறிவதைப் படம்பிடிக்க வேண்டும். காட்சிக்குள் ஒரு மீட்டர் ஸ்கேலும் இருக்க வேண்டும். திரையில் அந்த ஸ்கேலின் இரு முனைகளைக் குறித்து ‘இது 1 மீட்டர்’ என்று சொல்லிவிட்டால் அளவு பிடிபட்டுவிடும். அப்புறம் ஒவ்வொரு பிரேமிலும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்திலும், பந்தின் நடுவில் ஒரு சொடுக்கு. நொடிக்கு 30 பிரேம் என்றால் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே 1/30 நொடி. ஒரு பிரேமில் திசைவேகம் வேண்டுமா? அடுத்த பிரேமின் இடத்திலிருந்து முந்தைய பிரேமின் இடத்தைக் கழித்து 2/30 நொடியால் டிராக்கரே வகுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பந்தைத் தானாகவே பின்தொடரும் வசதியும் இதில் உண்டு. ஆனாலும் முதல் தடவை கையால் சொடுக்குவதே நல்லது. ஏறும்போது புள்ளிகளின் இடைவெளி ஒவ்வொரு பிரேமுக்கும் சுமார் 1.1 செ.மீ. குறைந்துகொண்டே வருவது அப்போதுதான் கண்ணில் படும். உச்சியருகே புள்ளிகள் நெருங்கிவிடும். இறங்கும்போது இடைவெளி அதே 1.1 செ.மீ. வீதம் கூடும். புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஐ (மீ/வி²) 30-ஆல் இரண்டு முறை வகுத்துப் பாருங்கள்: 0.0109 மீட்டர். திரையில் பார்த்த அதே 1.1 செ.மீ.!

இப்போது திசைவேக வரைபடத்தைத் திறக்கலாம். மேலிருந்து சரிந்து வரும் ஒரே நேர்கோடு, பூஜ்ஜியத்தைக் கடந்து கீழே போகிறது. கடக்கும் இடத்தில் வளைவும் இல்லை, தேக்கமும் இல்லை. இந்தக் கோட்டின் சாய்வுதான் முடுக்கம்; உச்சியிலும் அது அதே −9.8தான். திசைவேகம் பூஜ்ஜியம், முடுக்கம் பூஜ்ஜியம் இல்லை என்பதை மாணவர் தன் கையால் வைத்த புள்ளிகளிலேயே பார்க்கிறார்.

சில சமயம் 9.8-க்குப் பதிலாக 12.25 வரும். அப்போது ஸ்கேல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பந்து கேமராவிலிருந்து 2 மீட்டரிலும், ஸ்கேல் பின்சுவரில் 2.5 மீட்டரிலும் இருந்தால், தள்ளி இருக்கும் ஸ்கேல் சிறிதாகத் தெரியும்; பந்து கடந்த தூரமெல்லாம் 1.25 மடங்காகக் கணக்காகிவிடும். ஸ்கேலைப் பந்து போகும் தளத்துக்கே கொண்டுவந்து மறுபடி எடுத்தால் சரியாகிவிடும்.