சணல் பலகை தண்ணீர் குடித்தால்

நைலான் வருவதற்கு முன், துணி காயப்போடத் தேங்காய் நார்க் கயிறோ சணல் கயிறோதான் கட்டுவார்கள். மழையில் நனைந்தால் அந்தக் கொடி விறைத்துக்கொண்டு நிற்கும். இழை நனைந்தால் நீளம் அவ்வளவாக மாறாது, பக்கவாட்டில்தான் பருக்கும். முறுக்கிய கயிற்றில் இழை பருத்தால் கயிறு இறுகித்தானே ஆக வேண்டும்?

கயிற்றுக்கு அதனால் பெரிய கேடில்லை. அதே சணலை, திரவமாக இருந்து பிறகு கெட்டியாக இறுகும் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்துப் பலகையாக்கும்போதுதான் வம்பு. சணலில் இருக்கும் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்ற நார்ப்பொருள்கள் இரண்டும் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஹைட்ராக்சில் என்ற அணுத் தொகுதிகள் நிறைந்தவை. 100 கிலோ காய்ந்த சணலுக்கு 13.75 கிலோ ஈரம் இயல்பு என்பது வியாபாரக் கணக்கு. இதே மாதிரிப் பலகைகளில் சணலுக்குப் பதில் போடும் கண்ணாடி இழை கிட்டத்தட்ட எதையும் குடிப்பதில்லை.

பிசின் வழியாக ஈரம் மெல்லத்தான் ஊறும். ஆனால் அறுத்த விளிம்பிலும் துளை போட்ட இடத்திலும் இழைகளின் வாய் திறந்து கிடக்கிறது. இழையின் நடுவே இருக்கும் நுண்குழல் வழியாகத் தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உள்ளே போய்விடும். இழை பருத்துப் பிசினை நெட்டித் தள்ள, மயிரிழை விரிசல்கள் விழும். அப்புறம் வெயில் வந்து காய்ந்தால் இழை சுருங்கும், பிசின் கூடவே சுருங்காது. நடுவில் இடைவெளி. ஈறு விட்ட பல் மாதிரி இழை ஆடும். பலகையின் மேல் விழும் சுமை, பிசினின் பிடிப்பு வழியாகத்தான் இழைக்குப் போக முடியும். பிடிப்பு போனால் உள்ளே எவ்வளவு நல்ல சணல் இருந்தும் பயனில்லை. அதனால்தான் நனைந்த பலகையைக் காயவைத்தால் பழைய எடை திரும்புகிறது, பழைய வலு முழுதாகத் திரும்புவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஈரமான பலகை எளிதில் வளையும், ஆனால் சில சமயம் அடியைக் கூடுதலாகத் தாங்கும். இளகிய இழை சட்டென்று முறியாமல் உருவிக்கொண்டு வருவதால் அப்படி.

பிடிப்பைக் கூட்ட, பலகையாக்கும் முன்பே இழையைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுவார்கள். மெழுகும் ஹெமிசெல்லுலோஸில் ஒரு பகுதியும் போய், மேற்பரப்பு சொரசொரப்பாகிப் பிசின் நன்றாகப் பிடிக்கும். காரம் கூடினால் இழையே நைந்துவிடும். தேங்காய் நாரில், மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருள் அதிகம், காயலில் மாதக்கணக்கில் ஊறினாலும் தாங்கும். ஆனால் இழுவிசையில் சணலுக்கு ஈடாகாது.

என்னைக் கேட்டால், முதலில் விளிம்பைப் பாருங்கள் என்பேன். தொழிற்சாலையில் நான்கு பக்கமும் பூசி அனுப்பியிருப்பார்கள். பலகையைக் கதவாக்கிக் கீல் மாட்ட வந்தவர் துளை போட்டு, ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுப் போய்விடுவார். அந்தத் துளைக்குள் இரண்டு சொட்டுப் பிசின் விட யாருக்கும் தோன்றியிருக்காது.