டிமென்ஷியா பற்றி எதைப் படிப்பது, யாரிடம் கொடுப்பது

வீட்டில் ஒருவருக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் நோய், என்று தெரிந்த அன்று ராத்திரியே குடும்பத்தில் எல்லாரும் செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். மூளையில் என்ன புரதம் படிகிறது, கடைசியில் என்ன ஆகும், புது ஊசி வந்திருக்கிறதாமே என்று அடுத்த முறை வரும்போது என்னிடம் கேட்கிறார்கள். தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் குளிக்க மாட்டேன் என்று அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதெல்லாம் உதவாது.

முதலில், எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிமென்ஷியாவில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் என்ற வகை என்பதால் கிடைக்கிற கையேடுகளும் பெரும்பாலும் அதைப் பற்றியே பேசும். லூயி பாடி வகை என்றால் கதை வேறு. இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவதும், பிரமைக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற சில மாத்திரைகள் உடம்பை ஆபத்தான அளவுக்கு இறுகவைப்பதும் அதில் உண்டு. பொதுக் கையேட்டை மட்டும் நம்பினால் இது தெரியாமலே போய்விடும்.

கவனித்துக்கொள்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த ஐசப்போர்ட் பயிற்சி. இலவசம். நோய் அறிமுகம், பராமரிப்பவரின் பங்கு, உங்களை நீங்கள் பார்த்துக்கொள்வது, அன்றாடக் கவனிப்பு, நடத்தை மாற்றங்கள் என்று 5 பகுதிகள். வரிசையாகப் படிக்கவேண்டும் என்று இல்லை, இந்த வாரம் எது உங்களைப் படுத்துகிறதோ அந்தப் பாடத்தைத் திறந்து படியுங்கள். குளியல்தான் பிரச்சினை என்றால், தலையில் தண்ணீர் ஊற்றுவதில் ஆரம்பிக்காதீர்கள். தண்ணீரை அவர் கையால் தொட்டுப் பார்க்கட்டும், காலில் தொடங்குங்கள், சோப்பை அவர் கையிலேயே கொடுங்கள், தோளில் ஒரு துண்டு இருந்தால் கூச்சமும் குளிரும் குறையும், அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். அப்படியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அன்றைக்கு ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் மட்டும் எதையும் தேடிப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், என்னை மிகவும் வருத்துகிற விஷயம் ஒன்று. நோய் வந்தவர் அங்கேயே உட்கார்ந்திருக்க, அவருடைய தலைக்கு மேலே கையை நீட்டி மகளிடம் கையேட்டைக் கொடுப்பார்கள். ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் நிறையப் பேருக்குப் படித்தால் நன்றாகவே புரியும், படிக்கும் உரிமையும் முதலில் அவர்களுடையதுதான். பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஒரு விஷயம் என்று எழுதிக் கொடுங்கள். மாலையைவிடக் காலையில் தெளிவாக இருப்பார் என்றால் அப்போது சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். இந்த நோய் உள்ளவர்களே 2014-ல் தொடங்கிய டிமென்ஷியா அலையன்ஸ் இன்டர்நேஷனல், இணையத்தில் சந்தித்துப் பேசும் குழுக்களை நடத்துகிறது, ஆங்கிலம் தெரிந்தவர் என்றால் அதைக் காட்டுங்கள். வேலையை எப்போது விடுவது, வண்டி ஓட்டலாமா, பணத்தை யார் பார்த்துக்கொள்வது, பிற்பாடு எந்த மாதிரி சிகிச்சை வேண்டாம் என்பதையெல்லாம் அவரே யோசித்துச் சொல்லக்கூடிய காலம் இது. சொல்லச் சொல்ல எழுதி, தேதி போட்டு, அவரிடமே கையெழுத்து வாங்கி, அதற்குச் சட்டப்படி என்ன செய்யவேண்டும் என்று ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.